ஃபோல்டரில் கிடந்த ரயில்

சாம்பியன் ரீப்ஸ்
4 ஜனவரி 2025

ஜெயசீலி அக்காவுக்கு,

வாட்ஸ்ஆப்பில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். போன் போட்டால் ஒரு ரிங்கோடு செத்துப்போகிறது. மெயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள். மறதியா, இரக்கமா, தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் நல்லது.

நலம் விசாரிக்க எழுதவில்லை. ஆபீஸில் புது வருஷத்திலிருந்து ஒரே கேள்விதான் ஓடுகிறது: 'ரயில்' ஃபைலுக்கு உயிர் கொடுத்தது யார்?

விதிகள் ஃபோல்டரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு விதிக்கு ஒரு ஃபைல். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் நேரம் கழித்துக் கார்டு தேய்த்தால் லேட், அது ஒரு ஃபைல். மாதத்தில் மூன்று லேட் விழுந்தால் கார்டு சிவப்பாகும், கேட் திறக்காது, காண்ட்ராக்டர் வேறு ஆளை அனுப்புவான், அது இன்னொரு ஃபைல். நம் ஊர் ஆட்கள் வேலைக்கு வரும் மாரிகுப்பம் ரயிலே லேட்டானால் அதில் வந்தவர்களுக்கு லேட் போடாதே என்பது நீங்கள் எழுதிய ஃபைல். ஆனால் ஃபோல்டரில் கிடந்தால் மட்டும் போதாது. இண்டெக்ஸ் ஃபைலில் அதன் பெயரை ஒருவர் கையால் சேர்த்தால்தான் அது எக்ஸ்போர்ட் ஆகும், வேலை செய்யும். உங்கள் ஃபைலின் பெயரைச் சேர்க்க நம் மேனேஜர் சுனில் விடவில்லை. அழிக்கவும் சொல்லவில்லை. "கிடக்கட்டும்" என்றார். அதோடு அந்த மீட்டிங் முடிந்தது. நீங்களும் வேலையை விட்டுவிட்டு ஹைதராபாத் போய்விட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு அந்த இண்டெக்ஸ் எங்கள் உயிரை வாங்கியது. இரண்டு பேர் ஒரே நாளில் பெயர் சேர்த்தால் மோதும். யாராவது சேர்க்க மறந்தால், எழுதிய விதி ஏன் ஓடவில்லை என்று நாள் முழுக்கத் தேடுவோம். அக்டோபரில் நான் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ப்ரோகிராமை ஓட்டத் தயாராக்கும் ஒவ்வொரு பில்டிலும் அது ஃபோல்டரைத் திறந்து பார்க்கும். உள்ளே இருக்கும் எல்லா ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலையும் மாட்யூலாக எக்ஸ்போர்ட் செய்து, இண்டெக்ஸைத் தானே எழுதிவிடும். யாரும் எந்தப் பெயரையும் சேர்க்க வேண்டாம். சுனில் என் முதுகில் தட்டினார். தானாக எழுதப்படும் ஃபைலை ரிவ்யூவில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

ஆகவே அக்டோபரிலிருந்து உங்கள் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது, அக்கா. அன்றிலிருந்து நம் ஊர்ப் பெண்கள் யாருக்கும் ரயிலால் லேட் விழவில்லை.

"ஜெயசீலி ப்ளான் பண்ணி வெச்சிட்டுப் போயிருக்கா" என்கிறார் சுனில். நான் அதை எழுத்தில் தர வேண்டுமாம். எழுதுவதற்கு முன் உங்களைக் கேட்கிறேன். வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனீர்களா?

தசரதன்


ஹைதராபாத்
5 ஜனவரி 2025

தசரதா,

இல்லை. எழுதிக்கொடு. நீதான் கேட்டதை எழுதித் தருகிறவன் ஆயிற்றே.

அந்த ஃபைல் ஃபோல்டரில் கிடந்ததற்குக் காரணம் சுனில். அழித்தால் சிஸ்டத்தில் அழித்தவன் பெயர் நிற்கும். சேர்த்தால் சேர்த்தவன் பெயர் நிற்கும். சும்மா விட்டால் யார் பெயரும் நிற்காது. அவனுக்கு வசதியான வழி அதுதான்.

அந்த மீட்டிங்கைப் பற்றி நீ ஒரு வரியில் எழுதியிருக்கிறாய். "அதோடு முடிந்தது" என்று. நான் முழுதாகச் சொல்கிறேன். ரயில் எங்கே நிற்கிறது என்பதை ரயில்வேயே வெளியிடுகிறது, அதை எடுத்து ஒப்பிட்டால் போதும் என்று திரையில் காட்டினேன். சுனில், "இது கிளையன்ட் கேக்கல. நீங்க ஏன் இவ்ளோ எமோஷனல் ஆகறீங்க?" என்றான். நான் உன்னைப் பார்த்தேன். தினம் அதே ரயிலில் வருகிறவன் நீ. பங்காரப்பேட்டையில் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு அந்த ரயில் எவ்வளவு நேரம் கிடக்கும் என்று அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான். நீ லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

நீ லேட்டாக வந்தால் உனக்கு லேட் விழாது. "ட்ராஃபிக்கா?" என்று கேட்டுக் காபி கொடுப்பார்கள். அதே ரயிலில், அடுத்த பெட்டியில் நின்றுகொண்டு வருகிற பெண்ணுக்கு மூன்றாம் முறை வேலை போகும். இதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

என் அம்மா அந்தக் கட்டடத்தைத்தான் கூட்டுகிறாள் என்று அந்த அறையில் நானும் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? சொன்னால் விதி தப்பு என்று ஆகாது. நான் கூட்டுகிறவள் மகள் என்று மட்டும்தான் ஆகும்.

ஒன்று கேட்க வேண்டும். மூன்று மாதம் யாருக்கும் தெரியாமல் ஓடியது இப்போது எப்படித் தெரிந்தது?

ஜெ.


சாம்பியன் ரீப்ஸ்
9 ஜனவரி 2025

அக்கா,

திட்டியதை வாங்கிக்கொண்டேன். ஒன்று மட்டும். நான் வாயைத் திறந்து எனக்கும் வேலை போயிருந்தால், எங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார். அப்பாவுக்கு நம் ஊர்த் தங்க மைன் மூடியபோதே போயிற்று. நான் அதை நியாயம் என்று சொல்லவில்லை. கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்கள். சொல்லாமல் இருக்கலாம் என்று நாலு நாள் தள்ளிப் போட்டேன். வேறு யாரோ சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நான் சொல்வது நல்லது.

டிசம்பரிலேயே பெண்களுக்குப் புரிந்துவிட்டது. ரயில் லேட்டாகிறது, ஓடிப்போய்க் கார்டு தேய்க்கிறார்கள், லேட் விழுவதில்லை. ஒரு தரம், இரண்டு தரம் என்றால் மிஷின் கோளாறு என்று விட்டிருப்பார்கள். ஒவ்வொரு தரமும் இப்படியே நடந்ததும், சூப்பர்வைசர்தான் மனது வைத்து விட்டுக்கொடுக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மிஷின் வைத்திருக்கிறவன் மனசில் இரக்கம் இருந்தால்தானே மிஷினில் இரக்கம் இருக்கும்! அவர்கள் கணக்கு அது.

மைன் காலத்தில் புது வருஷத்தன்று நம் ஆட்கள் மாலையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு துரை பங்களா வாசலில் நிற்பார்களாமே. அதே மாதிரி ஜனவரி ஒன்றாம் தேதி மூன்று பெண்கள் சூப்பர்வைசர் அறைக்குப் போனார்கள். தட்டில் எலுமிச்சம்பழம், ஒரு சாமந்தி மாலை, வீட்டில் செய்த கேக். முன்னால் நின்றவர் ஐடா ஆன்ட்டி.

ஆமாம் அக்கா. உங்கள் அம்மாதான்.

அங்கே நடந்ததை, கூடப் போன மமதா எனக்கு ரயிலில் நடித்தே காட்டினாள். ஆன்ட்டி பழத்தை அவர் கையில் கொடுத்து, "சார், நீ நல்லா இருக்கணும். ரயிலு லேட்டானாலும் எங்களுக்கு லேட்டு போடாம வுட்ட பாரு, உன் புள்ள குட்டி நல்லா இருக்கும்" என்றாராம். அவர் முழித்தாராம். "நான் எங்கம்மா விட்டேன்?" "தன்னடக்கத்தப் பாரு" என்றாராம் ஆன்ட்டி. எல்லோரும் கை தட்டியிருக்கிறார்கள். மாலையைப் போட்டுக்கொண்டே அவர் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார். அன்று மாலையே எங்களுக்கு மெயில் வந்துவிட்டது.

மூன்று மாதம் எந்த ஆடிட்டிலும் சிக்காததை நாமே நன்றி சொல்லிப் பிடித்துக் கொடுத்துவிட்டோம். உரிமையாக வந்தது என்று ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை. நல்லது நடந்தால் எவனோ ஒரு துரை கொடுத்திருக்க வேண்டும். நம் எலும்பில் இருக்கிறது இது.

ஆன்ட்டிக்கு அந்த ஃபைலை எழுதியது நீங்கள் என்று தெரியாது. சொல்லட்டுமா?

தசரதன்


ஹைதராபாத்
11 ஜனவரி 2025

தசா,

சொல்லாதே.

சொன்னால் அடுத்த புது வருஷத்துக்கு எலுமிச்சம்பழத்தைக் கூரியரில் எனக்கு அனுப்புவாள். எனக்கு நன்றி வேண்டாம். நான் அவளுக்குச் சலுகை எழுதவில்லை. ரயில் லேட்டானது அவள் தப்பில்லை என்ற ஒரு சாதாரண உண்மையை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். அவ்வளவுதான்.

அம்மாவை வேலையை விடச் சொல்லி நான் கேட்காத மாதம் இல்லை. "நீ ஐதராபாத்துல இருந்து பணம் அனுப்பு, நான் வீட்டுல குந்தி உன் போனுக்குக் காத்துகினு இருக்கணுமா? எனக்கு நாலு பேரு மூஞ்சி பாக்கணும்" என்கிறாள். அவளுக்கு அந்த வேலை கூலி மட்டும் இல்லை. காலையில் மாரிகுப்பத்தில் ஏறி, அந்தப் பெண்களோடு சண்டை போட்டு, சிரித்து, இறங்குகிற வரைக்கும்தான் அவள் வாழ்கிறாள். போன வருஷம் ஒரு தரம் கார்டு சிவப்பாகி, மறுபடி சேர்க்கிற வரைக்கும் வீட்டில் இருந்தாளே, அப்போது போனில் அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. இன்னொரு தரம் சிவப்பானால் காண்ட்ராக்டர் சேர்க்கமாட்டான். வயசாகிவிட்டது, இளசாக ஆள் கிடைக்கிறது.

அதனால் கேட்கிறேன். உன்னை என்ன செய்யச் சொல்லியிருக்கிறான் சுனில்?

ஜெ.


சாம்பியன் ரீப்ஸ்
25 ஜனவரி 2025

அக்கா,

தாமதத்துக்கு மன்னியுங்கள். எழுத ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருந்தேன். நடந்திருக்கிறது.

சுனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தமிழில் பேசினார். நம் பக்கத்து ஆண்டர்சன்பேட்டையில் பிறந்த ஆள் தமிழில் பேச ஆரம்பித்தால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம். மற்ற நேரத்தில் கன்னடம்தான்; நமக்கு அவர் ஊர் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"தசரதா, ஸ்வல்ப... கொஞ்சம் அந்த ஒரு ஃபைல மட்டும் விட்டுட்டு மத்தத எக்ஸ்போர்ட் பண்ற மாதிரி பண்ணிடு பா."

சரி என்றேன். சீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. நீங்கள் முதல் கடிதத்தில் சொன்னதுதான், ஆனால் தலைகீழாக. கையால் இண்டெக்ஸ் எழுதிய காலத்தில் ஒரு விதியை வெளியே நிறுத்த யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். எழுதாமல் இருந்தால் போதும். இப்போது எல்லாம் தானாக வெளியே போகிறது. ஒன்றை நிறுத்த வேண்டுமென்றால் யாராவது வந்து, அதன் பெயரைச் சொல்லி, இது வேண்டாம் என்று எழுத வேண்டும்.

ஆகவே எழுதுவதற்கு இடம் வைத்தேன். விலக்கும் பட்டியல் என்று ஒன்று. ஃபைல் பெயர், விலக்கும் காரணம், முடிவெடுத்தவர் பெயர். இதில் எது காலியாக இருந்தாலும் பில்ட் நின்றுவிடும். காலை மீட்டிங்கில் காட்டினேன். "குட் ப்ராக்டீஸ்" என்று சுனிலே சொன்னார். சொல்லிவிட்டு, சாயங்காலம் வந்து, "சரி, உன் பேரையே போட்டுடு" என்றார்.

"நான் முடிவு பண்ணல சார்" என்றேன்.

அக்கா, அந்த அறையில் பேசாத வாய் இது. ஆனால் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடப்பது கூத்து. சுனில் கட்டடத்தை நடத்தும் கிளையன்டுக்கு மெயில் போட்டார்: முடிவெடுப்பவர் பெயர் தேவை. கிளையன்ட் ஆபீசில் ஒரு அம்மாள் பதில் போட்டார்: இது தொழில்நுட்ப விஷயம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டரைக் கேட்டால், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, கிளையன்ட் சொல்லட்டும் என்கிறான். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்றும் யாருக்கும் தெரியவில்லை. "ரயில் தாமதமானாலும் தொழிலாளியே பொறுப்பு" என்று தன் பெயரைப் போட்டு எழுத ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. ஃபைலையே அழித்துவிடலாமே என்று யாரோ கேட்டார்கள். அழித்தாலும் அழித்தவர் பெயர் நிற்கும் என்று சொன்னதும் அந்தப் பேச்சும் நின்றது.

இதற்கிடையே போன வாரம் பங்காரப்பேட்டையில் ரயில் கிடந்தது. யாருக்கும் லேட் விழவில்லை. அவர்கள் கோழைத்தனத்தில் நம் ரயில் ஓடுகிறது.

தசரதன்


ஹைதராபாத்
28 ஜனவரி 2025

தசா,

படித்துச் சிரித்தேன். "நான் முடிவு பண்ணல" என்று நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் ஸ்கிரிப்டை நீ நியாயத் தராசு மாதிரி எழுதுகிறாய். அதற்குக் கண் கிடையாது. ஃபோல்டரில் எது கிடந்தாலும் வெளியே தள்ளும். தற்செயலாக என் ஃபைல் கிடந்தது. நாளைக்கு வேறு ஒருத்தன் ஒரு கொடுமையான ஃபைலை எழுதிப் போட்டுவிட்டு ஊருக்குப் போனால் அதையும் இதே வேகத்தில் தள்ளும். நம் பெண்கள் மூன்று மாதம் நிம்மதியாக வேலைக்குப் போனது ஒரு விபத்து. விபத்தை நம்பி யாரும் சோறு ஆக்கக் கூடாது.

இன்னொன்று. அவர்கள் இப்படியே சுற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். வேண்டாத வேலைக்குக் கையெழுத்துப் போட எப்போதும் கீழே இருந்து ஒருத்தனைப் பிடிப்பார்கள். உனக்கு ஏதாவது தருவார்கள். உனக்கு உண்மையிலேயே வேண்டியதாகப் பார்த்துத் தருவார்கள். அப்போது நீ என்ன செய்வாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பொய் சொல்ல விரும்பவில்லை, அதனால் சொல்கிறேன்.

ஜெ.


சாம்பியன் ரீப்ஸ்
15 பிப்ரவரி 2025

அக்கா,

தந்தார்கள்.

டீம் லீட். அதைக்கூட விடுங்கள். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அக்கா, உங்களுக்குத் தெரியும், நான் கல்லூரி முடித்த நாளிலிருந்து அந்த ரயிலில் நிற்கிறேன். என் முதுகு, என் தூக்கம், என் சாப்பாடு எல்லாம் அந்த ரயில் வைத்ததுதான். "நீ இனி ஓடவே வேணாம் பா" என்றார் சுனில். உண்மையான பாசத்தோடு சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். பட்டியலில் என் பெயரை மட்டும் போட்டால் போதும். "ஃபார்மாலிட்டி."

இரண்டு நாள் யோசித்தேன். ஒரே நொடியில் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

மூன்றாம் நாள் மாட்டேன் என்று சொன்னேன். பெரிய காரணம் ஒன்றும் சொல்லவில்லை. "அந்த லைன்ல என் பேரு இருந்தா நான் மாரிகுப்பம் வண்டியில ஏற முடியாது சார்" என்றேன். "அதான் ஏற வேணாம்னு சொல்றேனே" என்றார். அவருக்குப் புரியவே இல்லை.

அன்று மதியம் அவரே எழுதிவிட்டார். ஃபைல்: ரயில். காரணம்: தேவையில்லை. முடிவு: சுனில். கிளையன்டிடமிருந்து நெருக்கடி வந்திருக்கும். எழுதி முடிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. இத்தனை நாள் சுற்றிய சுற்றுக்கு, கடைசியில் அவ்வளவுதான்.

பிப்ரவரியில் வண்டி அடிக்கடி கிடக்கிறது, லைனில் வேலை நடக்கிறதாம். நேற்று மூன்றாவது தரம். நான் ஓடி வந்து கேட்டில் என் கார்டைக் காட்டினேன். பச்சை. எனக்குப் பின்னால் ஐடா ஆன்ட்டி, பெண்களில் மூன்று தரமும் இந்த வண்டியில் மாட்டியவர் அவர்தான். சிவப்பு. மறுபடி தேய்த்தார். சிவப்பு. சேலையில் துடைத்துவிட்டுத் தேய்த்தார். செக்யூரிட்டி, "ஆகல்லம்மா, ஓரமா நில்லுங்க" என்றான். எனக்குப் பின்னால் வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். ஆன்ட்டி என்னைப் பார்த்து, "நீ போ கண்ணு, உனக்கு நேரமாவுது" என்றார்.

நான் போனேன் அக்கா. போய் உட்கார்ந்து ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

காண்ட்ராக்டர் திங்கட்கிழமை வேறு ஆள் அனுப்புகிறான்.

தசரதன்


ஹைதராபாத்
16 பிப்ரவரி 2025

தசா,

உன் மெயிலைப் படித்த கையோடு அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஃபைலை எழுதியது நான், அதை ஓடவிட்டது உன் ஸ்கிரிப்ட், எலுமிச்சம்பழம் கொடுத்த ஆளுக்கு இதில் சம்பந்தமே இல்லை, எல்லாம்.

நான் எதிர்பார்த்தது அழுகை. அல்லது "நீயா கண்ணு எழுதின?" என்று ஒரு பெருமை. இரண்டும் வரவில்லை. நேராகக் கேட்டாள்:

"எட்த்தவன் பேரு இன்னா?"

"யாரு பேரு?"

"நீ எழுதனத எட்த்தான் பாரு. அவன் பேரு."

"சுனில்."

"எந்த ஊரு?"

"ஆண்டர்சன்பேட்டைதான்."

"அவன் பேரு அதுல எழுதிகீதா? நிச்சயமா?"

"எழுதியிருக்கும்மா. தசரதன் பார்த்தான்."

"சரி, போன வையி."

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. என்ன செய்யப்போகிறாள் என்று தெரியவில்லை. திங்கட்கிழமை நீ கொஞ்சம் பார்த்துக்கொள்.

ஜெ.


சாம்பியன் ரீப்ஸ்
23 பிப்ரவரி 2025

அக்கா,

பார்த்துக்கொள் என்றீர்கள். நான் ஒன்றும் பார்த்துக்கொள்ளத் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை ஆன்ட்டி வழக்கமான வண்டியில்தான் வந்தார். மமதா, ஞானசுந்தரி அக்கா, அந்தப் பெட்டிப் பெண்கள் எல்லோரும் கூட. அவர்கள் போனது தொழிலாளர் கேட்டுக்கு அல்ல. விசிட்டர்கள் வரும் முன்வாசலுக்கு. ரிசப்ஷனில் வரிசையாகச் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்கள். தினமும் தாங்கள் துடைக்கிற சோபா, உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். ரிசப்ஷன் பெண் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "சுனில். ரெண்டாவது மாடி" என்றார்களாம்.

எங்களுக்கு மேலே போன் வந்தது. சுனில் கீழே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

ஆன்ட்டி எழுந்திருக்கவில்லை.

"நீதான் சுனிலா? குந்து பா."

அவர் நின்றபடியே, "இன்னா வேணும் ஆன்ட்டி?" என்றார். பதட்டத்தில் சுத்தமான நம் ஊர்த் தமிழ் வந்துவிட்டது.

"ரயிலு லேட்டானா லேட்டு போடக்கூடாதுன்னு ஒண்ணு இருந்துச்சாமே. அத நீ எட்த்தியாமே. உன் பேரு எழுதிகீதாமே."

"அது கிளையன்ட் கேட்டது ஆன்ட்டி."

"கிளையன்ட்டுன்னா யாரு? அவரு பேரு இன்னா?"

"அது ஒரு ஆள் இல்ல, கம்பெனி."

"கம்பெனி பேரு எழுதல. உன் பேருதான எழுதிகீது."

அவர் சுற்றும் பார்த்தார். சூட் போட்ட விசிட்டர்கள் இருவர் பேப்பரை விரித்துக்கொண்டு காதை நீட்டிக்கொண்டிருந்தார்கள். "இங்க வேணாம், உள்ள வாங்க, பேசலாம்" என்றார்.

மமதா சொன்னாள்: "உள்ள வுட மாட்றாங்கன்னுதானே சார் இங்க வந்துகிறோம்."

சிரிப்பு கிளம்பியது. ரிசப்ஷன் பெண்கூடச் சிரித்தாள். ஆன்ட்டி மட்டும் சிரிக்கவில்லை. "காரணம் இன்னா எழுதின?" என்று கேட்டார். சுனில் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "தேவையில்லைன்னு எழுதிகீது ஆன்ட்டி."

"யாருக்குப் பா தேவையில்ல?" என்றார். கத்தவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

அவர்கள் சோபாவை விட்டு அசையவில்லை. மதியம் சாப்பாட்டுக்கு முன் சுனில் அந்த வரியை எடுத்தார். கிளையன்டுக்கு மெயில் போட்டார்: விலக்க வேண்டுமென்றால் உங்கள் தரப்பில் ஒருவர் பெயர் கொடுங்கள், என் பெயரை இனிமேல் போட முடியாது. பில்ட் ஓடியது, ரயில் ஃபைல் திரும்ப எக்ஸ்போர்ட் ஆனது, பிப்ரவரியில் ரயிலால் விழுந்த லேட்டுகள் எல்லாம் அழிந்தன. ஆன்ட்டியின் கார்டு பச்சையானது. காண்ட்ராக்டர் அனுப்பிய புதுப் பெண்ணும் அன்று உள்ளேதான் இருந்தாள். அவளுக்கு என்ன ஆகும் என்று ஆன்ட்டி இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இது நிற்குமா? கிளையன்ட் ஆபீசில் என்றைக்காவது ஒருத்தர் துணிந்து தன் பெயரைக் கொடுத்துவிடலாம். சுனில் என்னோடு பேசுவதில்லை, கன்னடத்தில்கூட. அடுத்த மாதம் என்னை வேறு ப்ராஜெக்ட்டுக்கு மாற்றுகிறார்கள். அதற்குப் பிறகு வேலை இருக்குமா என்று யாரும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். உங்களுக்குப் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை திரும்பும் வண்டியில் ஆன்ட்டி என்னைத் தங்கள் பக்கம் கூப்பிட்டு உட்கார வைத்தார். "அந்த ஃபோல்டர்ல இன்னும் இன்னா இன்னா கீது?" என்றார். வெளியாட்களுக்குக் காட்டக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மாலூர் வரும் வரைக்கும் மழுப்பிப் பார்த்தேன். பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு ஃபைலாகத் தமிழில் சொன்னேன். பெட்டி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு ஃபைல், கக்கூஸுக்குப் போய் அதிக நேரம் ஆனால் மாடியில் ஆள் இல்லை என்று குறிப்பது. ஞானசுந்தரி அக்கா, "மாசத்துல அந்த மூணு நாளுக்கும் இதானா கணக்கு?" என்றார். ஆமாம் என்றேன். சர்க்கரை வியாதி இருந்தாலும் இதுதானா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அதற்கும் ஆமாம்.

ஆன்ட்டி கேட்டார்: "இத எழுதனது யாரு?"

உங்களுக்குத் தெரியும், அக்கா, யார் எழுதியது என்று. அதற்கு அடுத்த ஃபைல் நான் எழுதியது. வெளியே பார்த்துக்கொண்டே பேச்சை மாற்றியிருக்கலாம். சொல்லிவிட்டேன். "உங்க பொண்ணு இத எழுதுச்சு. அடுத்தத நான் எழுதினேன். எழுதச் சொன்னாங்க, எழுதினோம். இதுக்குத்தான் ஆன்ட்டி சம்பளம்."

மமதா என் முகத்தையே பார்த்தாள். ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"எழுதச் சொன்னவன் பேரு இன்னா?"

"தெரியாது ஆன்ட்டி. எங்கயும் இல்ல."

"கண்டுபுடி" என்றார். கொஞ்சம் நகர்ந்து, திரை தனக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். "உம், அடுத்தத படி."

தசரதன்